ஐந்தாம் எண் கல்

"தொடுங்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதி அறைக் கதவில் ஒட்டச் சொன்னார் மிஸ்ஸியம்மா. எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதற்குக் கீழே இன்னொரு வரி. எல்லாவற்றையும் தொடுங்கள்" என்றார். அதையும் எழுதினேன். பசை காய்கிறவரை கதவருகிலேயே நின்று அந்த இரண்டு வரிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து நன்றாகத்தான் வந்திருந்தது.

மிஸ்ஸியம்மா எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்குத் தலைவி. சீமையிலிருந்து வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவருடைய தங்கை ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அவள் இருக்கும் ஊரில் குழந்தைகளுக்கென்றே ஒரு வீடு திறந்திருக்கிறார்களாம். கல், கூடு, எலும்பு, பொறி எல்லாம் அங்கே மேசைமேல் இருக்கும். குழந்தைகள் எடுத்துப் பார்க்கலாம், திருகிப் பார்க்கலாம், யாரும் அதட்ட மாட்டார்கள் என்று அதில் இருந்தது. கடிதத்தை எங்களுக்குப் படித்துக் காட்டி, "நம் பள்ளியில் ஒரு நாளைக்கு இப்படிச் செய்வோம்" என்றார். நாள் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்று முடிவாயிற்று. அன்று எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் கிடையாது, குடும்பத்தோடு எல்லாரும் வரலாம்.

எனக்கு அப்போது பதினேழு வயது. அந்தப் பள்ளியிலேயே படித்து முடித்து, முதல் வகுப்புக்கு உதவி ஆசிரியையாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்தைத் தொட்ட முதல் கை என்னுடையது. இப்போது இதைச் சொல்லும்போதும் எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிர்கிறது. அப்போது கொஞ்சமாக இல்லை, சுரங்கக்காரர்களின் லைன் வீடுகளுக்கு நடுவே நடந்து போகும்போது எதிரே வருகிறவர்கள் சிரித்துக்கொள்ளும் அளவுக்கு நிமிர்ந்திருந்தது.

அந்த நாளில் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. ஆசிரியைப் பயிற்சிக்காக இரண்டு வருடம் வேலூரில் தங்கிப் படிக்க மிஸ்ஸியம்மா எனக்கு இடம் வாங்கியிருந்தார். தகப்பனார் சம்மதித்துக் கைநாட்டு வைத்த காகிதம் திங்கட்கிழமைத் தபாலில் போயாக வேண்டும். போகாவிட்டால் இடம் வேறொருத்திக்கு. ஒரு மாதமாக நைனா பதிலே சொல்லவில்லை. மாட்டேன் என்றால் அழுதாவது பார்க்கலாம். வாயே திறக்காதவரிடம் என்ன செய்வது? அவருடைய அக்கா, என் அத்தை, நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். அவர் மகன் பாய்லர் வேலைக்காரன். நான் பிறந்தபோதே எங்கள் இருவரையும் முடிச்சுப்போட்டுப் பேசியாகிவிட்டது. என்னைக் கண்டால் அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாது. "மருமவளே" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் தெரு கேட்கிறாற்போல.

"உன் வீட்டாரை அழைத்து வா. நீ வேலை செய்வதை அவர்கள் பார்க்கட்டும். பார்த்தபின் நான் உன் தகப்பனாரிடம் பேசுகிறேன்" என்றார் மிஸ்ஸியம்மா.

அதனால் என் மேசையை மற்ற எல்லா மேசைகளையும்விட நன்றாக வைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன். எனக்குக் கிடைத்தது கல் மேசை. இந்த மண்ணில் கிடைக்கும் கற்களைத் தேடிச் சேர்த்து, எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். "உனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுது" என்று மிஸ்ஸியம்மா சொல்லியிருந்தார். எனக்கு எல்லாமே நிச்சயமாகத் தெரிந்தது. சாயங்கால வேளைகளில் பாலகாட் சுரங்கத்துப் பக்கம், ஏரிப் பாதை, பாறை மேடு எல்லாம் சுற்றினேன். காக்காய்ப்பொன் மின்னும் கல், சுண்ணாம்புக் கல், கருங்கல், செம்பூரான் கல். ஐந்தாவது, சுரங்கத்து டிராம் தண்டவாளம் வளையும் இடத்தில் புல்லுக்குள் கிடந்தது. ஒரு கை அடங்கும் அளவு. வெள்ளையில் புகை படிந்தது போல் நீலமாக இருந்தது.

பொன் கல்லை யாரும் வைத்திருக்கக்கூடாது என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். வீட்டில் ஒரு துண்டு அகப்பட்டால் ஜெயில். கீழே வேலை செய்கிறவர்கள் ஷிப்ட் முடிந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஷாப்ட் குழி வழியாக மேலே வந்ததும் முண்டாசை உதறி, கையைத் தூக்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். ஆகவே அந்தக் கல்லை நான் கவனமாகச் சோதித்தேன். பொன் மஞ்சள் நிறமுள்ளது, ஒளி வீசுவது என்று என் பாடப் புத்தகத்தில் இருந்தது. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் ஒரு கடுகளவும் இல்லை. சீட்டை எழுதினேன்: "5. வெள்ளைக்கல். இதில் பொன் இல்லை." ஏரிக்கரைக் கூழாங்கல் ஒன்றுக்கு ஆறாம் எண் கொடுத்தேன்.

பதினாலு வருடமாகப் பூமிக்கடியில் கல்லில் துளை போடுகிற ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை நைனா, அம்மா, ஆறு வயதுத் தங்கை, அத்தை நால்வரும் வந்தார்கள். நைனா வெளுத்த வேட்டி கட்டித் துண்டைத் தோளில் போட்டிருந்தார். கதவில் ஒட்டியிருந்ததை அம்மா காட்டி, "இது நீ எழுதனதா?" என்றாள். படித்துச் சொன்னேன்.

"எல்லாத்தையுமா?" என்றார் நைனா.

"எல்லாத்தையும், நைனா."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். உள்ளே வந்த பிறகும் பிரிக்கவில்லை. அவர் பிறந்த ஊரில் கிணற்றையும் தொடக்கூடாது, கோயில் கதவையும் தொடக்கூடாது. இங்கே வந்தபின் பூமிக்கடியில் எல்லாவற்றையும் தொட்டு உடைத்தார். மேலே வரும்போது கை வெறுமையாக இருக்கிறதா என்று விரித்துக் காட்டினார். கைகளைக் கட்டிக்கொள்ளாமல் வேறு என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டேன். அவரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக அன்று அடிக்கடி நினைத்தேன்.

அத்தைக்கு அந்தக் கூச்சம் கிடையாது. நேரே காந்த மேசைக்குப் போய் லாடம் போல் வளைந்திருந்த காந்தத்தைக் கையில் எடுத்தார். அது அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை வெடுக்கென்று கவ்விக்கொண்டது.

"அடிப்பாவி! சாவிய இழுக்குதே! கையி காலு இல்லாதது கூட திருடுது பாருடி!"

அறையே சிரித்தது. அத்தை காந்தத்தைப் பிய்த்தெடுத்து, கொஞ்ச நேரம் யோசித்து, தன் மூக்குத்தியிடம் கொண்டுபோனார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை கொண்டுபோனார்.

"தங்கத்த வாணாங்குதே! இந்த ஊருலயே தங்கம் வாணாங்கிறது இது ஒண்ணுதாண்டி!"

அதன்பிறகு வந்தவர்கள் எல்லாரும் காந்தத்தை மூக்கில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். மிஸ்ஸியம்மாவுக்குப் புத்தகத் தமிழ் நன்றாக வரும், எங்கள் பேச்சுதான் பிடிபடாது. "அந்த அம்மாள் என்ன சொன்னார்கள்?" என்று என்னைக் கேட்டார். "காந்தம் பொன்னை இழுக்காது என்று கண்டுபிடித்தார்கள்" என்றேன். "மிகவும் நன்று!" என்று அத்தையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தை அந்தக் கையை வெகுநேரம் தன் கைதானா என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை பூதிகோட்டை ஏரியிலிருந்து கொண்டுவந்த களிமண்ணில் முழங்கைவரை இறங்கிவிட்டாள். அம்மா துணிப்பையிடம் நின்றாள். பைக்குள் கையை விட்டு, பார்க்காமல், உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும். ஏழு பொருள்கள். மேஸ்திரி வீட்டு அம்மாள் நாலுதான் சொல்லியிருந்தார்.

அம்மா கண்ணை மூடிக்கூடக் கொள்ளவில்லை. சுவரைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனாள். "புளியங்கொட்ட. சங்கு, ஓரம் ஒடைஞ்சிகீது. ஆணி. மெழுகு. இது பட்டுக்கூடு, உள்ள பூச்சி இல்ல. காஞ்ச இஞ்சி. இது... திரி. வௌக்குத் திரி. யாரோ எண்ணெ தொட்டுட்டு அலம்பாம போட்டுகீறாங்க."

ஏழும் சரி. அதோடு நாங்கள் கவனிக்காத எண்ணெயும். பையை வைத்திருந்த பெண் வாயைப் பிளந்தாள்.

"எப்பிடிம்மா?" என்றேன்.

"இன்னா எப்பிடி? உங்க நைனா மொத ஷிப்டு போற அன்னிக்கெல்லாம் இருட்டுலதானே அடுப்பு பத்த வெக்கிறேன்? கண்ணால பாத்தா சமைக்கிறேன்?" என்று சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது பைக்குள் மறுபடியும் கையை விட்டாள். இந்தத் தடவை விளையாட்டுக்கு.

எனக்கு எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருப்பதாகப் பட்டது. நைனா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகக் கடந்து என் மேசைக்கு வந்தார். என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். நான் சீட்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்ததும் குரல் தானாக இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

நைனா முதல் நாலு கற்களை மேலோட்டமாகப் பார்த்தார். ஐந்தாவதிடம் நின்றுவிட்டார். குனிந்தார். மூச்சு அதன்மேல் படும் அளவுக்குக் குனிந்தார்.

"இது எங்க கெடச்சுது?"

"டிராம் வளைவுல, நைனா."

"யாரு எடுத்தாங்க?"

"நான்தான்."

"இன்னா எழுதிகீற?"

நான் நிமிர்ந்து நின்று படித்தேன். "ஐந்து. வெள்ளைக்கல். இதில் பொன் இல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பெருமைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு கேட்டார், "மத்தியானம் யாரோ வராங்களாமே?"

"கம்பெனி துரையும் துரைசானியும் வர்றாங்க. நான்தான் அவங்களுக்கு இந்த மேசையைக் காட்டப் போறேன்."

யாரோ ஒரு குழந்தை என் பாவாடையைப் பிடித்து இழுத்துக் காக்காய்ப்பொன்னைக் காட்டிக் கேட்டது. நான் குனிந்து பதில் சொல்லி நிமிர்ந்தபோது, ஐந்தாம் சீட்டு இருந்தது. கல் இல்லை.

நைனாவின் கைகள் பிரிந்திருந்தன. வலது கை துண்டின் முனையோடு சேர்ந்து இறுக மூடியிருந்தது.

என் காதில் அறையின் சத்தம் எல்லாம் நின்றுபோயிற்று. அதற்குள் தங்கை களிமண் கையோடு பக்கத்தில் வந்து நின்று, இரகசியம் சொல்லும் குரலில், ஆனால் நாலு பேருக்குக் கேட்கும்படி, "அக்கா, நைனா கல்லு எடுத்துகிச்சு" என்றாள்.

"வாயை மூடு" என்று அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். களிமண் என் விரல்களில் பிதுங்கியது.

அப்போதுதானா மிஸ்ஸியம்மா வர வேண்டும்? மேசையைப் பார்த்தார். "ஐந்தாம் எண் எங்கே?"

உண்மையைச் சொன்னால் என் தகப்பனார் ஊர் முன்னால் திருடர். பொய் சொன்னால் நான் மிஸ்ஸியம்மாவிடம் பொய் சொன்னவள். அதுவரை அவரிடம் பொய் சொன்னதில்லை. "எடுத்து வைத்திருக்கிறேன் அம்மா. உடைந்துவிடுமோ என்று" என்றேன்.

"கல்லா?"

நல்ல வேளையாக அந்தக் கணத்தில் காந்த மேசையில் யாருடைய மூக்குத்தியோ கழன்று விழுந்து கூச்சல் எழுந்தது. அவர் அங்கே ஓடினார்.

நைனா அம்மாவிடம் போய்ச் சுருக்கமாக, "கெளம்பு" என்றார். என்னிடம் வந்து, "நீயும் வா. கொஞ்ச நேரம்" என்றார். நான் இன்னொரு பெண்ணை மேசையில் நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன். போகாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

வெளியே வெயில் ஏறியிருந்தது. நைனா முன்னால் வேகமாக நடந்தார். வீட்டுக்குப் போகும் பாதையில் திரும்பாமல் டிராம் பாதையில் திரும்பினார்.

"இன்னாடா தம்பி, வூட்டுக்கு வழி மறந்துட்டியா? காந்தம் ஒன்ன அந்தப் பக்கம் இழுக்குதா?" என்று அத்தை கத்தினார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பதினாலு வருடம் கையை விரித்துக் காட்டியவர், ஒரு துண்டுகூட எடுத்தவர் இல்லை என்று லைன் முழுக்கப் பெயர் எடுத்தவர், என் மேசையிலிருந்துதானா எடுக்க வேண்டும்? அதுவும் வெறும் கல்லை. அதில் ஒன்றும் இல்லை என்று நான்தானே படித்துச் சொன்னேன்? என்னை நம்பவில்லையா, அல்லது நான் வேலூர் போகக்கூடாது என்று வேண்டுமென்றே இப்படிச் செய்கிறாரா? கண்ணில் நீர் வந்தது. அவர் முதுகைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எதிரே தடியோடு வாட்ச்மேன் வந்தார். நைனாவின் நடை மாறவில்லை, தோள் மட்டும் இறுகிற்று.

"இன்னா, குடும்பத்தோட? எங்க போய்ட்டு வரீங்க?"

நைனா வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "இஸ்கூல்ல வேடிக்கை வெச்சுகீறாங்க. காந்தக்கல்லு பாத்துட்டு வரோம். நீ அங்க போனா சட்ட பொத்தானெல்லாம் பத்திரம்யா. இழுத்துகினு பூடும், அப்பால மானம் போச்சுன்னு அழாத."

வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே பொத்தானைத் தடவிப் பார்த்தார். நாங்கள் கடந்து போனோம்.

வளைவில் கல் ஏற்றிய தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. சுரங்கத்துக்கு விடுமுறை விட்டாலும் கல் இடிக்கும் மில்லுக்கு விடுமுறை இல்லை. அங்கே போக வேண்டிய வண்டிகள் அவை. நைனா ஒரு வண்டியருகே நின்று, "முள்ளு" என்று சொல்லி, வலது கையை வண்டி விளிம்பில் ஊன்றி, காலைத் தூக்கிப் பார்த்தார். கையை எடுத்தபோது விரல்கள் விரிந்திருந்தன. காலில் முள் எதுவும் இல்லை.

இன்னும் நூறு அடி நடந்து, ஒரு புங்கமரத்தடிக்கு வந்ததும் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். முகம் வியர்வையில் நனைந்திருந்தது.

"இன்னா போட்டீங்க அங்க?" என்றாள் அம்மா.

"இவ வெறும் கல்லுன்னு எழுதி வெச்சாளே, அத."

"நைனா, அது வெறும் கல்லுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"வெறும் கல்லா?" அவர் குரல் உயரவில்லை, அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. "நீலமா கம்பி கம்பியா ஓடுச்சே, பாத்தியா? பொன் ஓடுற ரீப் கல்லு அது. பதினாலு வருசமா அந்த நீலத்த தொரத்திகினுதான் கேஜுல எறங்குறேன். நல்ல கல்லு. வண்டியிலேர்ந்து வுழுந்துகீது."

"அதுல பொன் தெரியலையே. மஞ்சளே இல்லையே."

"கண்ணுக்குத் தெரிஞ்சா அத ஏன் மில்லுல போட்டு மாவா இடிக்கிறாங்க? ஆளுக்கு ஒரு சுத்தி குடுத்துப் பொறுக்கிக்க சொல்லலாமே!"

காலையிலிருந்து இரவுவரை அந்த மில்லின் சத்தத்தில்தான் வளர்ந்தேன். எதற்காக இடிக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"மத்தியானம் தொர வராரு," என்றார் நைனா. "அவரு கல்லு பாக்கறதுக்குன்னே கப்பல் ஏறி வந்தவரு. பாத்த வுடனே தெரிஞ்சிடும். யாரு எடுத்தாங்கன்னு கேப்பாரு. நீ நிமிந்து நின்னு, நான்தான்னு சொல்லுவ. சொல்லுவியா மாட்டியா?"

"சொல்லுவேன்."

"எழுத்தும் ஒன் எழுத்து."

அம்மா மாரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே, நைனா. நானே எடுத்து ஒளிச்சிருப்பேனே."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பத்து பேரு சுத்தி நிக்கறாங்க. நீ படிச்சுக் காட்டிகினு இருக்க. அங்க வந்து, எம் பொண்ணு தப்பா எழுதிட்டான்னு சொல்றதா?"

வழியெல்லாம் நான் அவர் முதுகைப் பார்த்து நினைத்துக்கொண்டு வந்தவை ஒவ்வொன்றாக என்மேலேயே திரும்பி விழுந்தன. தங்கையின் கையிலிருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

முதலில் தேறியது அத்தைதான். "இப்ப புரிஞ்சுதாடா தம்பி? எட்டு வருசம் படிச்சவளுக்கு ஊரு கல்லு தெரியல. இன்னும் ரெண்டு வருசம் வேலூர் போயி இன்னாத்த படிக்கப் போறா? போதும், நிறுத்து. வர்ற தையில முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

முடிந்தது என்று நினைத்தேன். அத்தை சொன்னதில் தவறு எதுவும் இருப்பதாக எனக்கே படவில்லை. எட்டு வருடப் படிப்பையும் நான் அந்த மேசையில் பரப்பி வைத்தேன். அதில் என் பெயரைக் கெடுக்கக்கூடிய ஒரே பொருளுக்கு நானே சீட்டு எழுதினேன்.

நைனா எழுந்து வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டினார். "இல்லக்கா. இவ தெரியாதத தெரியும்னு எழுதிகீறா. அது பாதிப் படிப்பு. நாம பாக்காததா? முழுசா தோண்டின ஷாப்டுல கேஜு கீது, கம்பி கீது, ஆளு போயிட்டு வரான். பாதியில வுட்ட குழியிலதான் ஆடும் மாடும் வுழுந்து சாவுது. இவள பாதியில வுட மாட்டேன்."

"அப்ப எம் புள்ள?"

"ரெண்டு வருசம். இருக்கறேன்னா இருக்கட்டும். முடியாதுன்னா நல்ல எடமா பாரு, நானே முன்னால நின்னு முடிக்கிறேன்."

அத்தை முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். கோபம்தான். தண்டவாளத்தின் மறுபக்கம் போய் நின்று, அங்கிருந்தே சொன்னார்: "இருப்பான், இருப்பான். அந்தக் கரி மூஞ்சிக்கு ரெண்டு வருசத்துல எவ வந்து குதிக்கப் போறா."

நான் நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. "காகிதம் மிஸ்ஸியம்மா மேசையில இருக்கு. நாளைக்கு..." என்றேன்.

"நாளைக்கு இன்னா நாளைக்கு?" என்றாள் அம்மா. "இப்பவே நடங்க. வூட்டுக்குப் போயி ஒக்காந்தா இவரு மறுபடியும் ஒரு மாசம் வாய தொறக்க மாட்டாரு."

வந்த வழியே ஐந்து பேரும் திரும்பி நடந்தோம். வாட்ச்மேன் மறுபடியும் எதிர்ப்பட்டார். "இன்னா, மறுபடியுமா?" "மூக்குத்திய வெச்சுட்டு வந்துட்டேன்" என்றார் அத்தை, மூக்கில் மூக்குத்தியோடு.

துரை இன்னும் வந்திருக்கவில்லை. நான் முதலில் என் மேசைக்குப் போய் ஐந்தாம் சீட்டைக் கிழித்தேன். பிறகு மிஸ்ஸியம்மாவிடம் போய், "அந்தக் கல்லைப் பற்றி எனக்குத் தெரியாது அம்மா. தெரிந்ததுபோல் எழுதிவிட்டேன். உடையும் என்று சொன்னதும் பொய். கல் இருந்த இடத்துக்கே போய்விட்டது" என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இன்னும் கேட்பார் என்று நின்றேன். "நல்லது. ஆறாம் எண்ணை ஐந்து என்று மாற்றி எழுது" என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் அவருடைய அறையில் நைனா கைநாட்டு வைத்தார். மை தடவிய கட்டைவிரலைக் காகிதத்தின்மேல் பிடித்துக்கொண்டு, "எங்க?" என்றார். இடத்தைக் காட்டினேன். துளை போடும் இடத்தைத் தேடுகிறவர் போல ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, அழுத்தி, எடுத்தார். ரேகைகள் ஒன்றுகூடக் கலையவில்லை.

மிஸ்ஸியம்மாவுக்கு முகம் சிவக்கும் அளவுக்குச் சந்தோஷம். "ஒரு மாதம் யோசித்தவர் இன்று சம்மதித்ததற்கு என்ன காரணம்? எங்கள் காட்சியைப் பார்த்ததுதானே? கேட்டுச் சொல்."

கேட்டேன். நைனா நிதானமாகச் சொன்னார்: "இவளுக்குக் கல்லு தெரியல, மண்ணு தெரியல, தெரியலன்றதும் தெரியல. முழுசா கத்துக் குடுத்து அனுப்பச் சொல்லு. அதுக்குத்தான் வுடறேன்னு சொல்லு."

கல்வியின் மேன்மையை உணர்ந்துகொண்டார் என்று ஒரு வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நல்ல வாக்கியம், மிஸ்ஸியம்மாவுக்கும் பிடித்திருக்கும். நைனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதத்தான் அவருக்குத் தெரியாது. புத்தகத் தமிழ் காதில் விழுந்தால் புரியாதவரா?

"என் மகளுக்குத் தெரியாதது இன்னும் நிறைய இருக்கிறது, அதனால்தான் அனுப்புகிறேன் என்கிறார்" என்றேன்.

மிஸ்ஸியம்மா கொஞ்சம் திகைத்தார். பள்ளியிலேயே நன்றாகப் படித்தவள் என்று என்னைப் பற்றி எழுதிய கடிதம் அதே மேசையில்தான் கிடந்தது. பிறகு மையை ஒற்றியெடுத்துக்கொண்டே, "இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை" என்றார்.

கதவோரம் நின்ற அத்தை அம்மாவின் விலாவில் இடித்தார். "பாத்தியா? மண்ணு தெரியலன்னு சொன்னத முழுங்கிட்டா."

நைனா சிரித்துவிட்டார். மை படிந்த கட்டைவிரலை வேட்டியில் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். நான் மிஸ்ஸியம்மாவிடம் திரும்பி, "மண்ணும் தெரியவில்லை என்கிறார்" என்று சேர்த்துச் சொன்னேன்.